அவள் குவைத்தில் இருக்கிறாள்

முதலில் நோயின் பெயரை எழுதிவிடுகிறேன். லிம்ஃபாஞ்சியோலியோமயோமடோசிஸ். பிழை இருக்காது, அவளே என் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகச் சொல்லி அடிக்கவைத்த பெயர். அவளுடைய பெயரைத்தான் எழுதப்போவதில்லை. அவளுக்கு ஒரு தங்கை இருக்கிறாள். அக்கா பெயரைப் போட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அவளைக் கேட்டிருந்தால், என் பெயர் கிடக்கட்டும், நோயின் பெயர் முழுதாக வரட்டும் என்றுதான் சொல்லியிருப்பாள்.

எனக்குப் புதுக்கடை ஜங்ஷனில் டிடிபி கடை. கல்யாண அட்டை, கன்வென்ஷன் நோட்டீஸ், பிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் உண்டு. இந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் கட்டினாலும் யார் செத்தாலும் எனக்குத் தெரியாமல் நடக்காது. அவள் வீடு என் வீட்டுக்குப் பின்னால், நடுவே ஒரு மதில். ஒன்பது வருஷம் குவைத்தில் நர்ஸாக இருந்தவள். லீவில் வரும்போது மதிலுக்கு மேலே சாக்லேட் நீட்டுவாள், அவ்வளவுதான் பழக்கம். அவள் வேலையை விட்டுவிட்டு வந்த பிறகு ஒருநாள் கடைக்கு வந்தாள். என் கடைக்கு மூன்று படி. இரண்டாவது படியிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வா பிள்ளே, என்னத்துக்கு நடையில நிக்குத?" என்றேன்.

"மூச்சு வாங்குது அக்கா. ரெண்டு மினிட்டு நின்னுட்டு வாறேன்."

வேறு யாராக இருந்தாலும் செல்போனைப் பார்ப்பதுபோலவோ செருப்பைச் சரிசெய்வதுபோலவோ நடித்திருப்பார்கள். அவளுக்கு அந்த நடிப்பு வராது. உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவாள். சுகமா என்று கேட்டால் சுகமில்லை என்பாள். கேட்டவர்கள்தான் அப்புறம் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நிற்பார்கள்.

நோட்டீஸில் வர வேண்டியதை அவளே நோட்டுத் தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். பெண்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். நுரையீரலில் சின்னச் சின்னக் குமிழிகள் உண்டாகி, நல்ல பாகத்தை மெல்ல அரித்துவிடும். காரணமில்லாமல் மூச்சு வாங்கும். சிலருக்குத் திடீரென்று ஒரு பக்கத்து நுரையீரல் சுருங்கிப்போகும். இளைப்பு என்றும் டிபி என்றும் தப்பாக நினைத்து மருந்து கொடுப்பார்கள். ஸ்கேன் எடுத்தால் தெரியும். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. எனக்கு வந்திருக்கும் வகை குடும்பத்தில் தொடர்வதும் இல்லை. முழுசாகக் குணமாகாது, ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தால் தடுத்து நிறுத்தி வைக்க மருந்து உண்டு. இவ்வளவுதான் விஷயம்.

பெயரைப் பார்த்துவிட்டு எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இந்தப் பேரு பிளெக்ஸ்லயே கொள்ளாது பிள்ளே. சின்னதா ஒரு பேரு கெடையாதா?"

"உண்டு. 'லாம்'னு சொல்லுவாவ. வேண்டாம் அக்கா. முழுசா அடியுங்க. நாலு வருஷம் இளைப்பு, இளைப்புன்னு சொல்லி எனக்க நெஞ்சைத் தின்னுட்டுது. நர்ஸ் வேலை பாத்தவ நான். எனக்கே தெரியல. இஞ்ச ரப்பர் வெட்டப் போறவளுக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் பெயரை அன்று அவள் ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லி முடித்ததும் பரீட்சையில் பாஸானதுபோல என்னைப் பார்த்தாள்.

தலைப்பில் 'அரிய நோய்' என்று அடித்தேன். அடித்துவிட்டுப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்தது. என் கடையில் 'அரிய' என்று அடித்ததெல்லாம் 'அரிய வாய்ப்பு', அதை விட்டால் 'அரிய கண்காட்சி'. அவளும் சிரித்தாள். 'அபூர்வ நோய்' என்று மாற்றிப் பார்த்தோம். "அபூர்வம்னா கும்பிட வந்துருவாவ" என்றாள். ஆயிரத்தில் ஒருத்தி என்றாலும் நமக்குப் புகழ்ச்சிதான். அரை மணி நேரம் யோசித்து, 'அதிகம் பேர் கேள்விப்படாத நோய்' என்று வைத்தோம். "அதுதான் அக்கா சரி. கேள்விப்படாததுதான இதுல பாதி தீனம்" என்றாள். ஐநூறு நோட்டீஸ் அடித்துக் கட்டி வைத்தேன்.

நோட்டீஸை முதலில் சபையில் கொடுக்க நினைத்தாள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஐந்து நிமிஷம் பேசக் கேட்டாள். நானும் கூட இருந்தேன். சங்கத் தலைவி தங்கமான அம்மா, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "குணமான பெறவு வந்து சாட்சி சொல்லு மக்களே. நாங்க எல்லாரும் செபிக்கோம்."

எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. கேன்சர் குணமானவர், கடலில் விழுந்து பிழைத்தவர், விசா கிடைத்தவர் எல்லாரும் எழுந்து நின்று சாட்சி சொல்வார்கள். பாதி வழியில் நிற்பவர் பேசும் வழக்கமில்லை.

"இது குணமாவாது அம்மா" என்றாள் அவள். "சாட்சின்னா கண்டதைச் சொல்லுகதுதான? நான் கண்டுகிட்டுல்லா இருக்கேன்."

தலைவி என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். "அவிசுவாசமாப் பேசப்பிடாது மக்களே" என்று அவளுடைய தலையைத் தடவி அனுப்பிவிட்டார். வழியெல்லாம் நான் அவரைத் திட்டிக்கொண்டு வந்தேன். அவள் ஒன்றும் திட்டவில்லை. சரி, கடைத்தெருவில் கொடுத்துக்கொள்ளலாம் அக்கா என்றாள்.

அந்த வாரத்தில்தான் தங்கைக்குச் சம்பந்தம் வந்தது.

தங்கைக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அதற்கு முன் மூன்று இடம் வந்து போயிருந்தது. கடைசியாக வந்தவர்கள், அக்காவுக்கு டிபி என்று எங்கோ கேள்விப்பட்டு, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். தகப்பனார் இல்லை. இப்போது வந்தது அருமனையில் ரப்பர்த் தோட்டம் உள்ள நல்ல குடும்பம், பையன் துபாயில். அவளுடைய அம்மா மதிலோரம் வந்து என்னிடம் விஷயத்தைச் சொன்னார்.

"மூத்தவ குவைத்துலதான் இருக்கான்னு சொல்லியாச்சு பிள்ளே. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம்னு சொல்லுவாவ. நாங்க ஒண்ணே ஒண்ணுதான சொல்லுகோம்?"

"அவ சம்மதிச்சாளா சித்தி?"

"தங்கச்சி கேட்டா. அதனால சம்மதிச்சா."

எப்படிக் கேட்டாள் என்று பிறகு அவளே சொன்னாள். தங்கை அழவெல்லாம் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும்போது, "எனக்கு வேண்டி கல்யாணம் வரைக்கும் பேசாம இருப்பியா அக்கா?" என்று மட்டும் கேட்டாளாம். நாலு மாதம்தானே என்று இவள் தலையை ஆட்டியிருக்கிறாள். நோட்டீஸ் கட்டை என் மேஜைக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

பையனுக்கு லீவு கிடைக்கவில்லை. நாலு மாதம் ஏழானது, ஏழு ஒன்பதானது.

ஒன்பது மாதம் அவள் தன் சொந்த வீட்டில் ஒளிந்திருந்தாள். முன்வாசல் பக்கம் வருவதில்லை. தெருவைப் பார்த்த ஜன்னல்கள் எல்லாம் சாத்தியே கிடந்தன. அதற்குள் ஆக்சிஜன் மிஷின் வந்துவிட்டது. அதன் டியூப் அடுக்களை தாண்டிக் கிணற்றடி வரை எட்டும். அதுதான் அவளுக்கு எல்லை. இருட்டின பிறகு மதிலோரம் வந்து நின்று மெல்லிய குரலில் "அக்கா" என்பாள். நான் பேச ஆரம்பித்தால் பதில் சொல்ல முடியாது, கேட்டுக்கொண்டு நிற்பாள். சில நாள் தனக்கே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டு நோயின் பெயரைச் சொல்லிப் பார்ப்பாள். ஒரே மூச்சில் சொன்னது இரண்டானது. 'லிம்ஃபாஞ்சியோ' என்று நிறுத்தி, மதிலைப் பிடித்துக்கொண்டு, மீதியைச் சொல்வாள்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். எங்கள் ஊர் மூடியது. மாப்பிள்ளை வீட்டார் வழக்கம்போல விசாரிக்க வந்தார்கள். டீக்கடையில் கேட்டார்கள், "மூத்தது குவைத்துல, நல்ல பிள்ளை" என்று டீ ஆற்றிக்கொண்டே சொன்னான் டீக்கடைக்காரன். பலசரக்குக் கடையில் அதே பதில். என் கடைக்கும் வந்தார்கள். "குவைத்துலதான், இப்போ லீவு கெடைக்காதாம்" என்றேன், கேட்காத தகவலையும் சேர்த்து. ஒரு கல்யாணத்தைக் கலைத்த பாவம் ஏழு தலைமுறைக்கு நிற்கும் என்று நம்புகிற ஊர். எல்லாரும் நல்லவர்கள். அந்த நல்ல மனசெல்லாம் சேர்ந்துதான் அவளை உள்ளே வைத்துப் பூட்டியது. நானும் ஒரு சாவி வைத்திருந்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் சாயங்காலம் கேரல் குழு வந்தது. அவள் உள்ளே இருப்பது குழுவில் அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் மாப்பிள்ளையின் சொந்தக்காரப் பையன் ஒருவன் அன்று கூட வந்திருந்தான். பாடிச் செபித்து முடித்து, கேக் வாங்கிக்கொண்டு, குழுத் தலைவர் சத்தமாகக் கேட்டார்: "மூத்தவ குவைத்துல சொகமா இருக்காளா?"

"இருக்கா, இருக்கா. இப்பந்தான் பேசினா" என்றார் அம்மா.

சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் அவள் இருமல் வெளியே வராமல் தோர்த்துத் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் அவளுடைய தோளைப் பிடித்திருந்தேன். இருமலை அடக்கினால் உடம்பு எப்படி உதறும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவர்கள் போன பிறகு, "எனக்கு வேண்டியும் செபிச்சிட்டுப் போனாவ, கேட்டியளா?" என்றாள். அவளுக்குக் கோபம் வராதது எனக்கு எரிச்சலாக இருந்தது.

நிச்சயத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் அம்மா ஒரு ஆசைப்பட்டார். மூத்த பிள்ளையை வீடியோகாலில் ஒருதடவை பார்க்க வேண்டும்.

அவள் வீட்டுச் சுவரெல்லாம் ஊர் அறிந்த பச்சைப் பெயிண்ட். ஆகவே குவைத் என் வீட்டுப் பின்னறையில் அமைந்தது. என் வீட்டுக்காரர் சவூதியிலிருந்து கொண்டுவந்த கனத்த திரைச்சீலையை அவளுக்குப் பின்னால் தொங்கவிட்டேன். நானே ஆணி அடித்தேன். விடியுமுன்னே அவளையும் ஆக்சிஜன் மிஷினையும் பின்பக்கமாகக் கொண்டுவந்துவிட்டோம். பழைய யூனிபார்ம் சட்டை அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது, முதுகில் மடித்துப் பின் குத்தினேன். மூக்கில் இருந்த டியூபைக் கழற்றினாள். தங்கை எதிரே நின்று போனைப் பிடித்தாள்.

காலை பதினொரு மணிக்குக் கால் வந்தது. முதல் ஐந்து நிமிஷம் ஒழுங்காகப் போனது. அந்த அம்மாள்தான் பேசினார், இவள் சிரித்தாள், தலையை ஆட்டினாள். அப்போது பின்தெருவில் கடியப்பட்டணத்து மீன்காரனின் பைக் வந்து நின்றது. ஹாரனை அடித்துவிட்டு, "சாளேய்... பெடைக்கிய சாளேய்..." என்று ஊரே கேட்கக் கூவினான். எனக்கு உயிர் போய்விட்டது. போனில் அந்த அம்மாளின் முகம் ஒரு கணம் அப்படியே நின்றது.

"அங்க இப்ப மணி என்ன மக்களே?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

சந்தேகப்பட்டுச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். அவள் போனுக்கு மேலே தங்கையின் முகத்தைப் பார்த்தாள். மெய் சொல்லியே பழகின வாய். இப்போது சொல்லிவிடப் போகிறாள் என்று எனக்குத் தோன்றியது. சொல்லட்டும் என்று ஒரு மனம் சொன்னது, ஐயோ வேண்டாம் என்று இன்னொரு மனம்.

"எட்டரை மாமி" என்றாள். மூச்சை வாங்கினாள். "நைட் டூட்டி... முடிச்சிட்டு... இப்பந்தான் வந்தேன்."

"அப்பம் நீ போய் கெட மக்களே. கெடந்து ஒறங்கு. பெறவு பேசலாம்." போன் நின்றுவிட்டது.

டியூபைப் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் படுத்துக் கிடந்தாள். உதடு நீலம் போய்ப் பழைய நிறத்துக்கு வந்த பிறகு என்னிடம் சொன்னாள்: "உள்ளதைச் சொல்லுகதுக்கு மூணு வார்த்தை போதும் அக்கா. பொய்க்குத்தான் மூச்சு காணாது."

கல்யாணம் நடந்தது. குவைத்தில் இருக்கும் அக்கா பார்ப்பதற்காக என்று போட்டோக்காரர் யூடியூபில் லைவ் போட்டார். சர்ச்சுக்கும் என் வீட்டுக்கும் அரை கிலோமீட்டர். நான் கல்யாணத்துக்குப் போகாமல் அவளோடு பின்னறையில் இருந்தேன். சர்ச் மணி முதலில் காற்றில் நேரே கேட்டது. கொஞ்சம் கழித்து அதே மணி போனிலும் கேட்டது. இரண்டு தடவையும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். தாலி கட்டுவதைப் பார்த்துக் கைதட்டினாள். அப்புறம் அழுதாள், அழுகை மூச்சை முட்டியதால் அதையும் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

மறுநாளே கேட்டாள்: "நோட்டீஸ் பத்திரமா இருக்கா அக்கா? உங்க கடையில ஒரு கசேர போட்டா போதும். இருந்துக்கிட்டே குடுப்பேன்."

மாப்பிள்ளை லீவு முடிந்து போகட்டும் அக்கா என்றாள் தங்கை. போனார். அதற்குள் தங்கை முழுகாமல் இருந்தாள். வாந்தியும் மயக்கமுமாய் இருக்கிற இந்த நேரத்தில் மாமியார் வீட்டில் ஒன்றும் வேண்டாமே, பிள்ளை பிறக்கட்டும் என்றாள். இவள் அதற்கும் சரி என்றாள். அந்தச் சரியைக் கேட்டு மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று நான் கத்தினேன்: "உனக்கு ரோஷம் கெடையாதா பிள்ளே? நீ எப்பம்தான் பேசுவ?"

"மூச்சு வரும்போ" என்றாள். அப்போது நோயின் பெயரை மூன்று துண்டாகக்கூட அவளால் சொல்ல முடியவில்லை.

தங்கைக்கு ஐந்தாம் மாதம். ஒரு காலையில் அவளுடைய ஒரு பக்கத்து நுரையீரல், ஓரளவு நன்றாக இருந்த பக்கம், சுருங்கிவிட்டது. நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாம் நாள் போய்விட்டாள். ஆம்புலன்ஸ் வந்து நின்றபோதுதான் அவள் முன்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தாள், ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு.

போஸ்டர் வாசகத்தை அம்மா சொல்லி அனுப்பினார். குவைத்திலிருந்து விடுமுறையில் வந்த இடத்தில், திடீர் சுகவீனத்தால். நான் அடித்தேன். 'திடீர்' என்று அடித்த விரல் என்னுடையதுதான். ஆறு வருஷத்து மூச்சுத்திணறலுக்குத் திடீர் என்று பெயர் வைத்து, பூப்படம் போட்டு, ஓரம் அளந்து வெட்டி, இருபது பிரதி எடுத்துக் கொடுத்தேன். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடக்கம் முடிந்த வாரத்திலிருந்து ஒரு காரியம் செய்கிறேன். என் கடையிலிருந்து போகிற எந்தக் கட்டிலும், கல்யாண அட்டையோ கன்வென்ஷன் நோட்டீஸோ, அவளுடைய நோட்டீஸ் ஒன்றை மேலே வைத்துத்தான் கட்டுகிறேன். சிலர் எடுத்துப் படிக்கிறார்கள், சிலர் அதில் கணக்கு எழுதுகிறார்கள். மேல்புறம் ஊரிலிருந்து ஒருத்தி மட்டும் திரும்பி வந்து, மூன்று வருஷமாக வாயில் பம்ப் அடித்தும் இளைப்பு நிற்காத தன் நாத்தனாருக்கு எந்த ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று கேட்டாள். நோட்டீஸில் எழுதியிருந்ததையே படித்துக் காட்டி அனுப்பினேன். என்ன ஆனது என்று தெரியாது.

போன மாதம் மாப்பிள்ளையின் அம்மா கடைக்கு வந்தார். பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம், அட்டை அடிக்க வேண்டும். மாதிரிகளைப் புரட்டிக்கொண்டே இருந்தார். ஒன்றையும் பார்க்கவில்லை என்று தெரிந்தது. கடையில் வேறு யாரும் இல்லை.

"அன்னைக்கு போன்ல மீன்காரன் கூவினான், ஞாபகம் உண்டா?" என்றார்.

நான் மேஜையில் கிடந்த அட்டைகளை அடுக்கத் தொடங்கினேன்.

"குவைத்துல ஏது மக்களே சாளைக்காரன்? நான் ஒண்ணும் தெரியாத பொட்டியில்ல. அந்தப் பிள்ளைக்கு மூச்சு எடுக்க முடியல, அதையும் பாத்தேன். பேச்சை மாத்துகதுக்குத்தான் மணி கேட்டேன். நைட் டூட்டின்னு அவ சொன்னப்போ எனக்க நெஞ்சு வெடிச்சுது. அதான் போயி ஒறங்குன்னு போனை வச்சேன்."

"தெரிஞ்சுமா சம்பந்தத்துக்குச் சம்மதிச்சிய?"

"ஒருத்தருக்கு தீனம் வந்தா கல்யாணத்துக்கு என்ன? நீங்க மறைக்கிதியன்னா உங்களுக்கு என்ன கஷ்டமோ, கேட்டா நாணக்கேடாவுமேன்னு நான் கேக்கல. எனக்க மருமவகிட்டக்கூட இதுவரைக்கும் கேக்கல." அவருடைய குரல் இறங்கியது. "வந்து பாக்கணும்னு எத்தனை தடவை வண்டி வரைக்கும் வந்தேன் தெரியுமா? குவைத்துல இருக்கவளை புதுக்கடையில எப்படி வந்து பாப்பேன்?"

ஒன்பது மாதம், அதற்கு மேலே எட்டு மாதம். இந்தப் பக்கம் நாங்கள் பூட்டியிருந்தோம், அந்தப் பக்கம் இவர் பூட்டியிருந்தார்.

"ரொம்பக் கஷ்டப்பட்டாளா மக்களே?" என்று கேட்டார்.

இதற்கு எங்கள் ஊரில் ஒரு பதில்தான் உண்டு. இல்லை, ஒரு கஷ்டமும் இல்லை, உறங்கினதுபோல சமாதானமாகப் போனாள் என்று சொல்ல வேண்டும். எத்தனையோ வீட்டில் நானே சொல்லியிருக்கிறேன். அந்த அம்மாளும் அதைத்தான் எதிர்பார்த்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றேன்.